கடன் வாங்கிய மூன்று தோட்டா

பெருவிரலின் அடியில் தொடங்கி, மணிக்கட்டுக்குள் நுழைந்து, முழங்கையில் போய் நிற்கும் வலி. வலது கை. பல் துலக்கும்போது ஒரு தடவை, சட்டைப் பொத்தான் போடும்போது ஒரு தடவை, காபிக் கோப்பையைத் தூக்கும்போது ஒரு தடவை. முப்பத்தோரு வருஷம் ராய்ஸ் மேடக்ஸின் மரமில்லில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் ரயில் கட்டை அடுக்கியதில் எனக்கு மிஞ்சியது அதுதான். பச்சை ஓக் கட்டை இரண்டு பேர் பிடிக்க வேண்டிய கனம். ஆள் வராத நாளில் தனியாகவே புரட்டியிருக்கிறேன். ஆள் வராத நாள் நிறைய.

மில்காரர்கள் அனுப்பிவைத்த டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "உங்க அம்மாவுக்கு மூட்டுவலி இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது என்றேன். அப்படியானால் பரம்பரை, வேலையால் வந்ததில்லை என்று எழுதிவிட்டார். நஷ்டஈடு இல்லை. கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொன்னேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிப்பேன்.

மில்லில் ராய்ஸ் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. விசில் அடிப்பான். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில், நாங்கள் எல்லோரும் திரும்புவோம், யாரைக் கூப்பிட்டானோ அவனைப் பார்த்து மோவாயை ஆட்டுவான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சபையில், ஆராதனை தொடங்குவதற்கு முன், கடைசி பெஞ்சுக்கு வந்து என் தோளைத் தட்டிச் சொல்வான்: "வாசல் உங்க கையில, பிரதர் ஹாலிஸ்."

சபைக்குக் காவலாக, ராய்ஸின் பொறுப்பில், ஆறு பேர் இருந்தோம். துப்பாக்கியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஆளுக்கோர் இடத்தில் உட்காருவோம். கடைசி பெஞ்சின் கதவோரம் என்னுடையது. உள்ளே வரும் பெண்கள் எனக்குத் தலையசைத்துவிட்டுப் போவார்கள். பாஸ்டர் ஜெபிக்கும்போது எல்லோரும் கண்ணை மூடியிருக்க, நான் மட்டும் திறந்து வைத்திருக்கலாம். திறந்து வைத்திருக்க வேண்டும். மனைவி இறந்து ஏழு வருஷம் ஆகிறது. வாரத்தில் ஆறு நாள் நான் இருக்கிறேனா என்று கேட்க ஆளில்லை. ஏழாம் நாள் இருநூறு பேருடைய முதுகு என் பொறுப்பு. அந்தப் பெஞ்சை விட்டுவிட்டால் எனக்கு வேறொன்றும் கிடையாது.

வருஷா வருஷம் மே மாதத்தில் ராய்ஸின் மேய்ச்சல் நிலத்தில் சுட்டுக் காட்ட வேண்டும். மற்ற நாலு பேரும் பிஸ்டல்காரர்கள். நானும் லொரீன் ஸ்டிடமும் மட்டும் பழைய ரிவால்வர். இருவருக்கும் ஒரே ரகத் தோட்டா. எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். பயிற்சிக்கு மலிவான மெல்லிய தோட்டா. இடுப்பில் வைத்துக்கொள்ள மட்டும் விலை உயர்ந்த குழிமூக்குத் தோட்டா, மூக்கில் பள்ளம் வைத்து, உடம்பில் பட்டதும் விரிகிற சாதி. அதன் உதை வேறு. மெல்லியது கையைத் தட்டும், இது கையைப் பிடித்து முறுக்கும். ஒரு தோட்டாவின் விலையில் ஒரு வேளை சாப்பிடலாம் என்பதால் யாரும் அதைச் சுட்டுப் பார்ப்பதில்லை. சுடுவது ஒன்று, சுமப்பது ஒன்று.

இந்த வருஷம் சபையின் காப்பீட்டுக்காரர்கள் கடிதம் எழுதிவிட்டார்கள். ராய்ஸ் காபி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று அறிவித்தான்.

"சுமக்கிறதையே சுட்டுக் காட்டணும். ஆளுக்கு ஒரு பெட்டி, இருபது தோட்டா, சபை செலவு. பதினஞ்சு பரீட்சைக்கு, மீதி அஞ்சு இடுப்புக்கு. பதினஞ்சுல பன்னெண்டு குறி அட்டையில விழணும். விழலேன்னா வருத்தம் ஒண்ணுமில்ல, முன் பெஞ்சுல எடம் நெறைய இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டுக்கு எதிரே நின்றேன். பழைய குழிமூக்கு ஆறு இருந்தது. எனக்குப் பிடிக்கத் தெரியாமல் இல்லை. கைப்பிடியில் எவ்வளவு மேலே ஏறிப் பிடிக்கலாமோ அவ்வளவு மேலே. இடது கை வலது கையை நெரிக்க வேண்டும். முழங்கையை முழுக்க விறைக்கக் கூடாது. உடம்பு முன்னால் சாய வேண்டும். மணிக்கட்டு பூட்டிக்கொள்ள வேண்டும். என் மணிக்கட்டு கொண்டி கழன்ற கதவு. முதல் தோட்டாவிலேயே குழல் என் நெற்றிக்கு நேரே எழும்பியது. இரண்டாவதில் துப்பாக்கி கைக்குள் திரும்பிக்கொண்டது. மூன்றாவதில் கீழே விழுந்தது. விறகு பிளக்கும் கட்டையில் உட்கார்ந்து கையைத் தொடைகளுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டேன். மீதி மூன்றை, பட்டைத்துணி சுற்றி, மாத்திரை போட்டுக்கொண்டு, அடுத்த நாள் சுட்டேன். மூன்றில் ஒன்றுகூட அட்டையில் இல்லை. விசையை இழுப்பதற்கு முன்பே என் கண் மூடிக்கொள்வதை நானே கவனித்தேன்.

சபை கொடுத்த பெட்டியை எடுத்துக்கொண்டு வெண்டல் புருயெட் வீட்டுக்குப் போனேன். மில்லில் ரம்பம் தீட்டியவன், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். ஓய்வுக்குப் பிறகு கார் ஷெட்டில் தோட்டா அடைத்துக்கொண்டிருந்தான்.

"இதையெல்லாம் பிரிச்சு, வெடிமருந்தப் பாதியாக்கி, அதே குண்ட வச்சு மூடிக் குடு. வெளிய பாத்தா கடையில வாங்கின மாதிரியே இருக்கணும்."

வெண்டல் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினான். "எதுக்குடா?"

"கை தாங்கல."

"தாங்கலேன்னா ராய்ஸ்கிட்ட சொல்லிட்டு முன்னால வந்து உக்காரு. பாட்டாவது நல்லாக் கேக்கும்."

"பாட்டுக் கேக்கவா நான் போறேன்?"

"அப்ப ஆண்டவரப் பாக்கவும் போகல. ராய்ஸ் வந்து தோளத் தட்டறதுக்குப் போற."

அவன் பெட்டியைத் திறந்து ஒன்றை விரலில் உருட்டினான்.

"கர்த்தர் வீட்டுலயே கலப்படம்."

"குண்டு நெசம்தானே. மருந்து மட்டும் கொஞ்சம் கம்மி."

"உன் ஜெபம் மாதிரி," என்றான்.

திட்டிக்கொண்டே வேலையைத் தொடங்கினான். ஒவ்வொன்றாக, அதற்கென்றே உள்ள சுத்தியலுக்குள் வைத்துத் தட்டிக் குண்டைப் பிரித்தான். வெற்றுக் கூடுகளை மரத்தட்டில் வரிசையாக நிறுத்தினான். தராசை முன்னால் இழுத்தபோது என் பக்கம் திரும்பி, "மருந்து அளக்கறப்ப வாயத் தொறக்காத. எண்ணிக்கை தப்பும்," என்றான்.

ஒரு பத்துக் கூடு வரைக்கும் சும்மா இருந்தேன். பிறகு எப்படியோ அந்த டாக்டர் பேச்சு வந்துவிட்டது. என் அம்மாவின் மூட்டுவலியை வைத்து அவர்கள் எனக்குக் கைவிரித்த கதை வெண்டலுக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னேன். ராய்ஸ் சொன்ன முன் பெஞ்சு ஜோக்கையும் சொன்னேன். வெண்டலுக்குக் கோபம் வந்து ராய்ஸின் அப்பனில் தொடங்கி ஏச ஆரம்பித்தான். ராய்ஸ் விசில் அடிக்கிற மாதிரி அடித்துக் காட்டினான். பல் செட் கழன்று மேஜையில் விழுந்தது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அப்படிச் சிரித்து வருஷக்கணக்கு ஆகியிருந்தது.

குண்டு வைத்து மூடுவதற்கு முன், வரிசையாக நிற்கும் கூடுகளுக்குள் டார்ச் அடித்து, எல்லாவற்றிலும் மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது அவன் வழக்கம். அன்று பார்த்தானா? யோசித்துப் பார்க்கிறேன். டார்ச் மேஜைமேல் இருந்தது ஞாபகம் இருக்கிறது. அவன் கையில் இருந்தது ஞாபகம் இல்லை.

"பதினஞ்சையும் சுட்டு முடி. மிச்சம் அஞ்ச எங்கிட்டக் கொண்டு வா," என்றான் கிளம்பும்போது. "வேற யாருக்கும் குடுத்துறாத."

"யாருக்குடா குடுக்கப்போறேன்?"

பரீட்சை சனிக்கிழமை காலை. வைக்கோல் பேல்களை அடுக்கி அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். ஒருவர் சுடும்போது இன்னொருவர் அவர் தோளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஏதாவது தப்பாகத் தெரிந்தால் 'நிறுத்து' என்று கத்துவதுதான் பின்னால் நிற்பவர் வேலை. எனக்கு லொரீன், லொரீனுக்கு நான்.

லொரீன் பெட்ரோல் பங்குக்கு எதிரே தன் வீட்டு முன்னறையில் முடிவெட்டுகிறவள். புருஷன் லாரி விபத்தில் போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஒரு நாற்காலியை வைத்தே இரண்டு பெண்களைக் கரையேற்றினாள். என் தலையையும் இருபது வருஷமாக அவள்தான் வெட்டுகிறாள். சபையில் குழந்தைகள் அறை வாசல் அவளுடைய காவல். அவளுடைய துப்பாக்கி ஐந்து தோட்டா பிடிக்கிற குட்டை ரிவால்வர். கடைக்காரன் 'பொம்பளைங்களுக்கு ஏத்தது' என்று தலையில் கட்டியது. துப்பாக்கி இலேசாக இருந்தால் உதை முழுக்கக் கைக்குத்தான் வரும். அதை அவன் சொல்லவில்லை. அவளாகப் பழகிக்கொண்டாள். குழல் எகிறாமல் இருக்க இடது ஆள்காட்டி விரலை முன்னால் குழலோரம் நீட்டி அழுத்திப் பிடிப்பாள். அது கூடாது என்று ராய்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறான்.

நான் முதலில் சுட்டேன். வெண்டல் நான் கேட்டபடியே செய்திருந்தான். துப்பாக்கி கையில் ஒரு பூனை மாதிரி அசைந்து கொடுத்தது, அவ்வளவுதான். பதினைந்தில் பதின்மூன்று.

ராய்ஸ் அட்டையை உயர்த்திக் காட்டினான். "பாருங்கப்பா. முப்பது வருஷம் கட்டை தூக்கின கை. பாறை மாதிரி நிக்குது."

அந்தக் கையின் வலியைத்தான் பரம்பரை என்று டாக்டரிடம் எழுதி வாங்கினான்.

லொரீன் காதை மூடியிருந்ததைக் கழற்றிவிட்டு என் பக்கம் சாய்ந்தாள். "என்னய்யா ஹாலிஸ், உன் துப்பாக்கிக்கு இருமல் மருந்து குடுத்துக் கூட்டிட்டு வந்தியா? சத்தத்தயே காணோம்."

"எனக்கு நீளக் குழல். ஒன்னோடது குட்டை, அதான் அந்தக் கத்துக் கத்துது."

"குட்டையா இருக்கறதெல்லாம் கத்தத்தான் செய்யும்," என்று தன் உயரத்தைக் கையால் அளந்து காட்டினாள்.

அவள் முறை வந்தது. முதல் பத்தில் ஒன்பது விழுந்தது. கடைசி ஐந்துக்குப் பெட்டியைத் திறந்து பார்த்தால் இரண்டுதான் இருக்கிறது.

"அய்யய்யோ. வீட்டுல அஞ்சுதான் சுட்டேன்னு நெனச்சேன். எட்டு சுட்டிருக்கேன்."

"சபைத் தோட்டாவ வீட்டுல எதுக்கு சிஸ்டர் சுட்டீங்க?" என்றான் ராய்ஸ்.

"உதை எப்படி இருக்கும்னு தெரியாம இங்க வந்து எப்படி நிக்கறது? அன்னிக்குக் கை மூணு நாள் வீங்கிக் கெடந்துச்சு. இன்னிக்குத் தாங்குது பாத்தீங்கல்ல."

அந்த நிலத்தில் நின்ற ஆறு பேரில் அதை ஒழுங்காகப் பழகி வந்தவள் அவள் ஒருத்திதான். இரண்டு தோட்டாவோடு விட்டால் பதினொன்று. பன்னிரண்டு வேண்டும்.

"பிரதர் ஹாலிஸ்கிட்ட அஞ்சு இருக்கே," என்றான் ராய்ஸ். "ஒரே ரகம்தான? கைமாத்தா மூணு குடுங்க. பெறகு குடுத்துருவாங்க."

வரிசையில் நிற்கும்போது தோட்டா கைமாற்றுக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கேட்டு இல்லை என்று சொல்கிறவனை யாரும் மறக்கமாட்டார்கள். லொரீன் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இது எனக்காகச் செய்தது, இதில் மருந்து பாதி என்று சொல்லியிருக்கலாம். மில் டாக்டருக்குச் சொன்ன மாதிரி. பாதி மருந்தால் யாருக்கு என்ன கெடுதல், அவள் கைக்குச் சுகமாகத்தானே இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றை எண்ணி அவள் கையில் வைத்தேன்.

"மூணு உனக்குக் கடன்," என்றாள்.

கைக்கு வந்தபடி ஐந்தையும் போட்டு மூடினாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். ராய்ஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாயில் விரலை வைத்து விசில் அடித்தான்.

முதலாவது என்னுடையது, மெத்தென்று போனது. இரண்டாவது அவளுடையது, இடி மாதிரி. மூன்றாவது சத்தமே போடவில்லை. தகர டப்பாவை மூடுகிற மாதிரி ஒரு 'டப்'. அட்டையில் புதிதாக ஓட்டை விழவில்லை.

அது என்ன சத்தம் என்று நாற்பது வருஷம் ரிவால்வர் பிடித்தவனுக்குத் தெரியும். கூட்டுக்குள் மருந்து இல்லை. தோட்டாவின் அடியில் உள்ள சின்னக் கேப்பு மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் பாதிவழி தள்ளி நிறுத்திவிட்டது. குழல் அடைத்துக்கொண்டது. பிஸ்டலாக இருந்தால் அதுவே நின்றிருக்கும். ரிவால்வர் நிற்காது. விசையை இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும்.

ஒரு வினாடி இருந்தது. என் வாய் திறந்தது. 'நிறுத்து' என்று கத்தினால் துப்பாக்கியைத் திறப்பார்கள், தோட்டாவைப் பிரிப்பார்கள், ஏன் என்று கேட்பார்கள். இந்த நினைப்பு எனக்கு வந்தது சத்தியம். அது வந்ததால் சத்தம் வரவில்லையா, இல்லை யாருக்குமே அந்த ஒரு வினாடியில் சத்தம் வந்திருக்காதா, எனக்குத் தெரியவில்லை. ராத்திரி ஒரு பதில் தோன்றும், காலையில் இன்னொரு பதில்.

நான்காவது அவளுடையது. முழு மருந்து.

குழல் பூசணிப்பழம் மாதிரி பிளந்தது. லொரீன் கத்தவில்லை. இடது கையை முகத்துக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டு, யாரோ மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு போன மாதிரி பார்த்தாள். ஆள்காட்டி விரல் இரண்டாவது கணுவிலிருந்து இல்லை.

நாற்பது மைல் தள்ளி ஆஸ்பத்திரி. ராய்ஸ் வண்டி ஓட்டினான். பின்சீட்டில் நான் துண்டு சுற்றிய அவள் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் மணிக்கட்டு வலித்தது. மாற்றிப் பிடிக்கவில்லை.

"என் தப்புதான்," என்றாள் லொரீன். "வெரல நீட்டாதீங்கன்னு எத்தன தடவ சொன்னாரு."

"பேசாத," என்றேன்.

ராய்ஸ் பிளந்த துப்பாக்கியைச் சபையில் எல்லோருக்கும் காட்டினான். மலிவான சாமான், பழசு. தோட்டாத் தொழிற்சாலையிலும் பத்தாயிரத்தில் ஒன்று இப்படி மருந்தில்லாமல் வந்துவிடும். பிடியும் தப்பு. மூன்று காரணம் சொன்னான், மூன்றையும் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். லொரீனுக்காக ஜெபித்தார்கள். இரண்டு வாரம் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். குழந்தைகள் அறை வாசலுக்கு ராய்ஸின் மைத்துனன் வந்தான்.

வெண்டல் என் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"மிச்சம் அஞ்சு எங்கடா?"

இரண்டைக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தான். பிறகுதான் உட்கார்ந்தான்.

"டார்ச் அடிச்சேன்ல?" என்றான். "நீ பக்கத்துலதான இருந்த. அடிச்சேன்ல?"

"அடிச்ச," என்றேன்.

"அடிச்சேன்," என்றான் அவனும். அதற்குப் பிறகு ஷெட்டைப் பூட்டிவிட்டான். சபைக்கும் வருவதில்லை.

முடிவெட்டுகிறவளுக்கு இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் அளவுகோல். இரண்டுக்கும் நடுவே முடியை இழுத்துப் பிடித்தால்தான் வலது கை கத்தரி ஓடும். லொரீன் நடுவிரலையும் மோதிரவிரலையும் வைத்து என் தலையில் ஒரு தடவை முயன்று பார்த்தாள். பின்னந்தலையில் எலி கடித்த மாதிரி இருந்தது. "தொப்பி போட்டுக்கய்யா," என்று சிரித்தாள். அந்த மாதம் நாற்காலியை விற்றுவிட்டு எதிரே பெட்ரோல் பங்கில் கல்லாவில் உட்கார்ந்தாள். நாள் முழுக்கத் தன் வீட்டு முன்னறை சன்னல் அவளுக்கு எதிரிலேயே இருக்கும்.

ஜூலையில் ஒரு ஞாயிறு, ஆராதனைக்கு முன் அவள் கடைசி பெஞ்சுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் முடிந்திருந்த மூன்று குழிமூக்குத் தோட்டாவை எடுத்துப் பாட்டுப் புத்தகத்தின்மேல் வரிசையாக நிறுத்தினாள்.

"உன் மூணு."

"வேணாம் லொரீன்."

"புடிய்யா. கடனோட சாகறதுக்கு எனக்கு இஷ்டமில்ல. மூணுக்காகப் பெட்டியாத்தான் வாங்கவேண்டியதாப் போச்சு. மிச்சத்த யார் தலையிலாவது கட்டணும்."

எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கல ஹாலிஸ். அன்னிக்கு நீ குடுத்ததுல மொதல் தோட்டா. வீட்டுல எட்டு சுட்டேன், ஒவ்வொண்ணும் கழுத மாதிரி ஒதச்சுது. உன்னோடது ஒதைக்கவே இல்லயே. ஏன்?"

அவள் முகத்தில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். இரண்டு பெண்களை வளர்த்தவள், எட்டுத் தோட்டா சுட்டு உதையைப் பழகிக்கொண்டு வந்தவள், ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். அப்போது ராய்ஸ் நடுவழியில் வந்து என் தோளைத் தட்டினான்.

"வாசல் உங்க கையில, பிரதர் ஹாலிஸ்."

"சரி," என்றேன்.

லொரீன் ஒரு நிமிஷம் காத்திருந்தாள். பியானோ தொடங்கியதும் எழுந்து முன் பெஞ்சுக்குப் போய்விட்டாள். பாஸ்டர் ஜெபிக்கச் சொன்னார். இருநூறு பேர் கண்ணை மூடினார்கள். நான் திறந்து வைத்துக்கொண்டு அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் என்னிடம் வாங்கிய மூன்று தோட்டாவுக்குக் கணக்குத் தீர்ந்துவிட்டது. அவள் கேட்ட கேள்விக்கு நான் தர வேண்டிய பதில் பாக்கி இருக்கிறது. இன்னும் தரவில்லை.